நானூற்றுப் பதிமூன்றாவது பெட்டி

எறும்பு, வயது இருபத்து நான்கு, இப்போது இருப்பது ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடையின் சரக்கறையில், கம்பிக் கூண்டுக்குள், தரையில் குத்த வைத்து. எதிரே ஒரே ஒரு பெட்டி. வெள்ளைப் பெட்டி, பக்கவாட்டில் நீலக் கோடு, மேலே இன்று விற்பனைக்கு வந்த புது கேம் கன்சோலின் படம். அதை அவன் ஏழாவது தடவையாக எண்ணிக்கொண்டிருந்தான். ஒன்றை எத்தனை தடவை எண்ணினால் என்ன, ஒன்றுதானே என்று கேட்கலாம். அந்த ஒன்று அங்கே இருக்கவே கூடாது என்பதுதான் சிக்கல்.

தன்னைவிட அகலமான பெட்டிகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, நிற்காமல், யாரையும் இடிக்காமல் ஓடுவதால் வந்த பெயர் எறும்பு. வீட்டை விட்டு இந்த நாட்டுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. ஆறு மாதமும் தற்காலிக வேலை. அது இன்றோடு முடிகிறது. மேனேஜர் நிரந்தரக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அதைக் காட்டித் தங்கும் அனுமதியைப் புதுப்பித்துக்கொள்ளலாம். கொடுக்காவிட்டால் மாதக் கடைசியில் மூட்டை முடிச்சைக் கட்ட வேண்டியதுதான்.

இந்தக் கன்சோலுக்கு இப்படி ஒரு அடிதடி வரும் என்று அதைச் செய்த கம்பெனிக்காரனே எதிர்பார்த்திருக்க மாட்டான். முன்பதிவு தொடங்கிய ஒரு மணி நேரத்தில் டோக்கன் முழுக்கத் தீர்ந்துவிட்டது. ஒவ்வொரு கிளைக்கும் சரியாக நானூற்றுப் பன்னிரண்டு பெட்டி. அடுத்த சரக்கு வர இரண்டு மாதம் ஆகும். காலையில் ஷட்டரைத் தூக்கியபோது வரிசை மருந்துக்கடையைத் தாண்டி, பஸ் நிறுத்தத்தைத் தாண்டி, எங்கேயோ போய்த் திரும்பி மறுபடியும் கடைப் பக்கமே வந்து நின்றது. நடுவில் இருந்தவர்களுக்குத் தாங்கள் முன்னால் நிற்கிறோமா பின்னால் நிற்கிறோமா என்றே தெரியவில்லை.

மூன்றரை மணிக்குக் கடைசி டோக்கன் வந்தது. ஒரு கல்லூரிப் பெண் பெட்டியைப் பிறந்த குழந்தைபோல அணைத்துக்கொண்டு போனாள். கேஷியர் அண்ணன் கம்பியில் குத்தியிருந்த டோக்கன்களை எண்ணினார். நானூற்றுப் பன்னிரண்டு. வந்த பெட்டி நானூற்றுப் பன்னிரண்டு. கொடுத்ததும் நானூற்றுப் பன்னிரண்டு. ஆனால் கூண்டுக்குள் ஒன்று மிச்சம்.

மேனேஜருக்குக் கால் தரையில் பாவவில்லை. "கம்பெனிக்காரன் தப்பா எண்ணி ஒண்ணு கூடுதலா அனுப்பிட்டான்டா. எல்லாக் கிளையும் நானூத்திப் பன்னெண்டுல முட்டிக்கிட்டு நிக்குது. குரூப்ல பாரு, வரிசையா அதே நம்பர். நாம போடுறோம் நானூத்திப் பதிமூணு."

"சார், லாரில இருந்து நான்தான் இறக்கினேன். சரியாத்தான் இருந்துச்சு."

"நீ எறும்புடா. எறும்பு தூக்கும், எண்ணாது. அதை ஓரமா வை. என் பல் டாக்டர் டோக்கன் கிடைக்காம ஒரு வாரமா என் உயிரை எடுக்கறாரு. அஞ்சரைக்கு வரச் சொல்லியிருக்கேன்."

சொல்லிக்கொண்டே குரூப்பில் நம்பரைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மற்றக் கிளைக்காரர்கள் வயிற்றெரிச்சலோடு அனுப்பிய கைதட்டல் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன.

எறும்புக்குத்தான் விஷயம் தெரியும். விஷயம் மலை.

கடை வாசலில் பெட்டிகளை மலைபோல அடுக்க வேண்டும் என்பது தலைமை அலுவலகத்தின் உத்தரவு. அதற்கென்றே வெற்றுப் பெட்டிகள் அனுப்பியிருந்தார்கள். அச்சு அசலாக அதே பெட்டி, உள்ளே காற்று. எறும்பு வியாழக்கிழமை அடுக்கினான். கண்ணாடிக் கதவு திறந்து மூடிய காற்றுக்கே மலை சரிந்து மேனேஜரின் தோளில் விழுந்தது. "ஒரு வேலையைக் குடுத்தா உருப்படியா செய்யத் தெரியாதா" என்று கேட்டுவிட்டுப் போனார். கடிதம் கைக்கு வர இரண்டு நாள் இருக்கும்போது காதில் விழக்கூடிய வார்த்தையா அது. எறும்பு யாரிடமும் கேட்கவில்லை. அடிவரிசைப் பன்னிரண்டு பெட்டிகளையும் பிரித்து, ஒவ்வொன்றிலும் பிரின்டருக்குப் போடும் காகிதக் கட்டு இரண்டை வைத்து, ஆடாமல் அட்டை செருகி, கம்பெனி ஒட்டியதுபோலவே டேப்பை இழுத்து ஒட்டினான். ஒரு சுருக்கம் கிடையாது. அவன் கையால் ஒட்டிய பெட்டியின் அடியில் பென்சிலால் சின்னதாக ஒரு டிக் போடுவது அவன் பழக்கம். அதையும் போட்டான். மலை அசையவில்லை. மேனேஜர் ஒரு விரலால் தள்ளிப் பார்த்து, "ம்" என்றார். அந்த ஒரு "ம்"முக்காக எறும்பு அன்றைக்கு இரண்டு வேளை சாப்பிட்டதுபோல நிறைவாகத் தூங்கினான்.

இன்று மதியம் கூட்டம் நெருக்கியதில் இரண்டு பிள்ளைகள் மலையேறத் தொடங்க, "கலைச்சுடு, கலைச்சுடு" என்று மேனேஜர் கத்தினார். எறும்பு காகிதப் பெட்டிகளை முதலில் தூக்கிக்கொண்டு ஓடி, சரக்கறையில் கூண்டுக்கு வெளியே அடுக்கினான். அதே வேகத்தில் மிச்ச மலையைக் கலைக்க முன்னால் ஓடினான்.

இப்போது அந்த அடுக்கில் இருந்தவை பதினொன்று.

ஒன்று யார் வீட்டுக்கோ போயிருக்கிறது. டோக்கன் கொடுத்து, வெயிலில் நின்று, முறைப்படி வாங்கிய ஒரு மனிதர் இரண்டு கட்டு வெள்ளைக் காகிதத்தைச் சுமந்துகொண்டு போயிருக்கிறார். கூண்டுக்குள் இருப்பது அவருடையது.

எறும்பு எழுந்து கூண்டைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டான். சரக்கறையை இரண்டு சுற்று சுற்றினான். பிறகு கவுன்ட்டருக்குப் போனான். கேஷியர் அண்ணன் டோக்கன் குத்திக் குத்திச் சிவந்த விரல்களைத் தண்ணீர் டம்ளருக்குள் விட்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, மதியம் நீங்க உள்ள வந்து பெட்டி எடுத்தீங்களா?"

"எடுத்தேன். ஒண்ணே கால் மணி இருக்கும். நீ முன்னாடி மலையோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தே. நாலு எடுத்தேன். கூண்டுக்குள்ள மூணு, வெளிய அடுக்குல ஒண்ணு. அது கைக்குத் தோதா இருந்துச்சு. ஏன்?"

எறும்பு ஏன் என்று சொன்னான். அண்ணன் விரல்களைத் தண்ணீரிலிருந்து எடுத்தார்.

"விளையாடாத."

"யாருக்குக் குடுத்தீங்கண்ணே?"

"முகத்தைப் பாக்க நேரம் ஏதுடா. நானூறு பேரு. எனக்கு எல்லாமே கைதான். கை நீளும், டோக்கனைக் குத்துவேன், பெட்டியைக் குடுப்பேன். அடுத்த கை."

"ஒரு கையாச்சும் ஞாபகம் இருக்கா?"

அண்ணன் கண்ணை மூடி யோசித்தார். "ஒரு கைல கட்டை விரலுக்கு பிளாஸ்திரி. ஒரு கை முழுக்க பெயின்ட். ஒரு கை என் பேனாவையும் சேத்து எடுத்துட்டுப் போயிடுச்சு, அதைக் கண்டுபிடிச்சா எனக்குச் சொல்லு. ஆங், அந்த நாலுல ஒருத்தர் பரிசுக் காகிதம் சுத்தித் தரச் சொன்னாரு. யாருக்கோ பொறந்தநாளாம். எப்பன்னு சொல்லலை."

"டோக்கன்ல பேர், போன் நம்பர் ஏதும் இருக்காதா?"

"வெறும் நம்பர்தான். மத்ததெல்லாம் தலைமை அலுவலகக் கம்ப்யூட்டர்ல. அதுலயும் எந்த நம்பருக்கு எந்தப் பெட்டின்னு எப்படித் தெரியும்? சீரியல் நம்பரை அப்புறம் பாத்துக்கலாம், வரிசையை நகத்துன்னு காலைல உங்க மேனேஜர்தானே சொன்னாரு."

"எங்க மேனேஜரா? உங்களுக்கும் அவர்தானே மேனேஜர்."

"இந்த மாதிரி நேரத்துல உங்க மேனேஜர்தான்."

கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு பலகை தொங்கியது. 'சீல் பிரித்த பெட்டிக்குக் கடை பொறுப்பல்ல.' போன மாதம் ஒருவர் புது போன் பெட்டியைக் கொண்டுவந்து, உள்ளே போன் இல்லை, சோப்புக்கட்டிதான் இருந்தது என்றார். மேனேஜர் அந்தப் பலகையைக் காட்டினார். வந்தவர் குரலை உயர்த்த, மேனேஜர் செக்யூரிட்டியைக் கூப்பிட, கடையில் இருந்த அத்தனை பேரும் அந்த மனிதரைத் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அவர் சொன்னது நிஜமா பொய்யா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. எறும்புக்கு அப்போது அது ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது.

இப்போது பிறந்தநாள் கேக்குக்குப் பக்கத்தில் யாரோ பரிசுக் காகிதத்தைக் கிழிப்பதும், நாளைக்கோ அடுத்த மாதமோ அந்த மனிதர் காகிதக் கட்டோடு இந்தப் பலகைக்குக் கீழே வந்து நிற்பதும் கண் முன்னால் ஓடியது. அதற்குள் இந்தப் பெட்டி பல் டாக்டர் வீட்டில் இருக்கும்.

சரக்கறைக்குத் திரும்பி, கிழிந்த அட்டைகளைக் கட்டிக்கொண்டே போனை அலமாரியில் சாய்த்து வைத்து, குடும்ப குரூப்பில் பேசியே டைப் செய்தான். கைக்கு வேலை இருக்கும்போது அவன் வீட்டோடு பேசுவது அப்படித்தான். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். அக்காவிடமிருந்து உடனே பதில் வந்தது.

'லெட்டர் வந்துச்சா'

'இன்னும் இல்லக்கா'

'அப்ப வாயைத் திறக்காத. முதல்ல லெட்டர். அப்புறம் அரிச்சந்திரன் வேஷம் போட்டுக்கலாம்'

'பெட்டி அஞ்சரைக்குப் போயிடும்'

'போனா போகுது. உன் பெட்டியா அது. அம்மாவும் அதையேதான் சொல்றாங்க. மாமாகிட்ட கேட்டேன், கன்சோல்னா என்னன்னு கேக்கறாரு'

எறும்பு போனைக் கவிழ்த்து வைத்தான். மணி ஐந்து அடிக்கப் பத்து நிமிடம். கட்டிய அட்டைக் கட்டையே அவிழ்த்து மறுபடியும் கட்டினான்.

ஐந்தே காலுக்கு மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் கடிதம். கையெழுத்து ஏற்கெனவே போட்டிருந்தது, மை காய்ந்திருந்தது.

"ஆறு மாசம் பாத்தேன். உடம்பு வணங்கி வேலை செய்யறே. அந்த மலை ஒண்ணு போதும்டா, மத்தக் கிளைக்காரன்லாம் போட்டோ கேட்டான். இந்தா."

எறும்பு வாங்கிக்கொண்டான். நன்றி சொன்னான். சட்டைப் பையில் நான்காக மடித்து வைத்தான். வெளியே வந்ததும் அக்காவுக்கு 'வந்துடுச்சு' என்று ஒரே வார்த்தை சொன்னான். அங்கே வீடே குதித்தது. அம்மா பக்கத்து வீட்டு டீச்சரிடம் சொல்லப் போய்விட்டாள் என்று அக்கா அனுப்பினாள்.

கடிதம் வந்ததும் வாய் திறந்துகொள்ளும் என்று அவனும் நினைத்துத்தான் இருந்தான். நடந்தது வேறு. பையில் இல்லாதபோது இருந்த கொஞ்சநஞ்சத் தைரியமும் கடிதம் பைக்குள் வந்ததும் ஓடிப்போனது. இப்போது இழப்பதற்கு ஒன்று கையிலேயே இருந்தது. மூச்சு விடும்போதெல்லாம் அந்தக் காகிதம் நெஞ்சில் மொரமொரத்தது.

ஐந்தரைக்கு ஐந்து நிமிடம் முன்பே பல் டாக்டர் வந்துவிட்டார். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார்.

"பையனுக்கா சார்?" என்றார் கேஷியர் அண்ணன்.

"எனக்குத்தான். அவனுக்கு இது வீட்ல இருக்கறதே தெரியக் கூடாது."

"எறும்பு, அந்தப் பெட்டியைக் கொண்டாடா" என்று மேனேஜர் குரல் கொடுத்தார்.

எறும்பு சரக்கறையில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பூட்டைப் பார்த்தான். வெளியே அடுக்கியிருந்த பதினொன்றைப் பார்த்தான். சாவி தொலைந்துவிட்டது என்று சொல்லலாம். வயிற்று வலி என்று கழிப்பறையில் உட்கார்ந்துகொள்ளலாம். எத்தனை நேரம் உட்காருவது? இரண்டாவது தடவை குரல் வந்தது. எறும்பு கூண்டைத் திறந்து அந்தப் பெட்டியை எடுத்தான். வெளி அடுக்கிலிருந்து இன்னொன்றையும் எடுத்தான். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு போய்க் கவுன்ட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான்.

மேனேஜர் முகம் மலர்ந்தது. "இன்னொண்ணுமா? எங்கடா இருந்துச்சு? அப்ப நானூத்திப் பதினாலா?" கை தானாகவே போனைத் தேடியது.

"சார், இதுல ஒண்ணுதான் நெஜம். எதுன்னு நீங்களே பாத்து டாக்டருக்கு எடுத்துக் குடுங்க."

"என்னடா உளர்றே?"

"பாருங்க சார்."

மேனேஜர் ஒரு பெட்டியைத் தூக்கினார். மற்றொன்றைத் தூக்கினார். கனம் ஒன்றுபோலத்தான் இருந்தது. காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டினார். டேப்பை நகத்தால் வருடினார். பதினெட்டு வருடம் இந்தத் தொழிலில் இருப்பவர். கேஷியர் அண்ணன் தண்ணீர் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து நின்றே பார்த்தார். கடைசியில் மேனேஜர் இடது பக்கப் பெட்டியை டாக்டரிடம் நகர்த்தினார்.

"இதுதான் நெஜம். கம்பெனி சீல் எப்படி இருக்கு பாருங்க. நம்ம ஆளு ஏதோ வேலை மிகுதியில பேசறான்."

"பிரிங்க சார்" என்றான் எறும்பு.

டாக்டர் பிரித்தார். அட்டையை எடுத்தார். உள்ளே இரண்டு கட்டுக் காகிதம், உறைகூடக் கசங்காமல்.

டாக்டர்தான் முதலில் வாயைத் திறந்தார். "பொய்ப்பல் கட்டறது என் தொழில். என்னையே ஏமாத்தற மாதிரி இதைக் கட்டினது யாரு?"

"நான்தான் சார்" என்றான் எறும்பு. பிறகு மேனேஜரைப் பார்த்து, நிறுத்தினால் திரும்பத் தொடங்க வராது என்ற பயத்தில், மூச்சு விடாமல் சொன்னான். வியாழக்கிழமை காகிதம் வைத்தது, டிக் போட்டது, கூண்டுக்கு வெளியே அடுக்கியது, பதினொன்றுதான் இருப்பது, ஒண்ணே கால் மணி, பரிசுக் காகிதம். "இதே மாதிரி ஒண்ணு வெளிய போயிருக்கு சார். இந்த நெஜப் பெட்டி அவரோடது. இதை வித்துட்டா, அவரு வந்து நிக்கும்போது நாம பலகையைத்தான் காட்டுவோம்."

மேனேஜர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"மூணரைலேர்ந்து சார்."

"லெட்டரை வாங்கும்போது தெரியுமா?"

"தெரியும் சார்."

"மலை கட்டச் சொன்னது நான். காகிதம் வைக்கச் சொன்னது நானா?"

"இல்ல சார்."

"சீரியல் நம்பரை விடச் சொன்னது…" என்று தொடங்கிய கேஷியர் அண்ணன், மேனேஜர் திரும்பிப் பார்த்ததும் டம்ளரைத் துடைக்க ஆரம்பித்தார்.

மேனேஜர் போனை எடுத்தார். குரூப்பில் 413க்குக் கீழே இன்னும் வாழ்த்து வந்துகொண்டிருந்தது. விரலால் ஏதோ தட்டினார், அழித்தார், மறுபடியும் தட்டினார். எறும்பு தலைகீழாகப் படித்தான். 411. எல்லாக் கிளையும் பன்னிரண்டில் நிற்க, இந்தக் கிளை மட்டும் ஒன்று குறைவு. அனுப்பியதும் போனைக் கவிழ்த்து வைத்தார். கவிழ்த்து வைத்த போன் மேசையில் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது. அவர் அதைத் தொடவில்லை.

"ரெண்டு மாசம்தானே, நான் காத்திருக்கேன்" என்றார் டாக்டர். மேனேஜரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "பல்லைக் கடிக்காதீங்க. உங்களுக்கு ஏற்கெனவே ஈறு சரியில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேனேஜர் கையை நீட்டினார். "லெட்டரைக் குடு."

எறும்பு கொடுத்தான்.

அவர் அதைக் கிழிக்கப் போகிறார் என்றுதான் எறும்பும் நினைத்தான், அண்ணனும் நினைத்தார். கிழிக்கவில்லை. நிஜப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு சரக்கறைக்குப் போய்க் கூண்டுக்குள் வைத்தார். அதன்மேல் கடிதத்தை வைத்தார். பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்.

"அந்த ஆளு வரட்டும். பெட்டியும் லெட்டரும் ஒண்ணா வெளிய போகட்டும். வரலைன்னா எனக்குத் தெரியாது. தலைமை அலுவலகத்துக்கு நான் என்னத்தைச் சொல்றது?"

"மாசக் கடைசிக்கு இருபது நாள்தான் சார் இருக்கு."

"அப்ப தேடு." வாசல் வரை போனவர் நின்றார். திரும்பவில்லை. "கதவுல ஒட்டறதுன்னா ஒட்டு. கடை பேரைப் பெருசா போடாத."

எறும்பின் கை முழுக்க டேப் பசை. போனை மறுபடியும் அலமாரியில் சாய்த்து வைத்தான். அக்காவின் செய்தி கிடந்தது. 'டீச்சர் ஸ்வீட் கேக்கறாங்க, என்ன சொல்றது?' அதற்குப் பதில் சொல்லாமல், கதவில் ஒட்ட வேண்டியதைப் பேசத் தொடங்கினான். மூன்று தடவை பேசி அழித்தான். நான்காவது தடவை பேசியதை அப்படியே விட்டான். முதலில் குடும்ப குரூப்புக்கு அனுப்பினான். பிறகு பிரின்டருக்குப் போய், காகிதம் தீர்ந்திருந்ததால், கவுன்ட்டரில் பிரிந்து கிடந்த பெட்டியிலிருந்தே ஒரு தாளை உருவிப் போட்டான்.

'என்னை இங்க எறும்புன்னு கூப்பிடுவாங்க. வயசு இருபத்து நாலு. இந்தக் கடையோட பின்பக்க சரக்கறைல காலைல ஒன்பதுலேர்ந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் இருப்பேன். சனிக்கிழமை மதியம் ஒண்ணே கால் மணி வாக்குல இங்க புது கன்சோல் வாங்கினவங்க, தயவுசெஞ்சு உங்க பெட்டியைத் தலைகீழாத் திருப்பிப் பாருங்க. பரிசுக் காகிதம் சுத்தியிருந்தா அடிப்பக்கத்தை மட்டும் லேசாத் தூக்கிப் பாத்தா போதும். பென்சில்ல சின்னதா ஒரு டிக் இருந்தா, அது நான் பண்ணின தப்பு, உங்க தப்பு இல்ல. உங்களோட நெஜப் பெட்டி பூட்டி பத்திரமா இருக்கு, யாருக்கும் குடுக்கல. பிரிச்சிருந்தாலும் பரவாயில்ல, காகிதத்தை எழுதித் தீத்திருந்தாலும் பரவாயில்ல. யாரும் உங்களைக் கேள்வி கேக்க மாட்டாங்க, பலகையைக் காட்ட மாட்டாங்க. நீங்க அந்த ஆள் இல்லைன்னா, உங்களுக்குத் தெரிஞ்ச யாராவது இந்தக் கன்சோலை வாங்கியிருக்காங்களான்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க. இந்த மாசம் முடியறதுக்குள்ள வாங்க.'